குழந்தைக்கு நீச்சல்: எந்த வயதில் தொடங்கலாம், முதலில் எதைப் பழக்கலாம்?

குழந்தையை எத்தனை வயதில் நீச்சலுக்குச் சேர்க்கலாம் என்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே நாலு பதில் வரும். தாத்தா, ஆறேழு வயதாகட்டும், ஊருக்குக் கூட்டி வாருங்கள், இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்கி ஒரே லீவில் பழக்கிவிடுகிறேன் என்பார். பாட்டி சளி பிடித்துக்கொள்ளும் என்பார். தெரிந்தவர்கள் யாராவது ஆறு மாதக் குழந்தையைக் கழுத்தில் வளையம் மாட்டித் தொட்டியில் மிதக்கவிட்ட வீடியோவை அனுப்பியிருப்பார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு வயது முடிந்ததும் அம்மாவோ அப்பாவோ கூடவே இறங்கித் தண்ணீருக்குப் பழக்கும் வகுப்பு, நாலு வயதை ஒட்டி முறையான நீச்சல் வகுப்பு. இரண்டும் வேறு வேறு. முதலாவதில் சேர்த்துவிட்டு இரண்டாவதன் பலனை எதிர்பார்க்கும்போதுதான் பெற்றோருக்கு ஏமாற்றமும், அதைவிட மோசமாக, பிள்ளைக்குத்தான் நீச்சல் தெரியுமே என்ற தப்பான தைரியமும் வருகின்றன.

இந்த ஒரு வயது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ரொம்ப காலம் குழந்தை மருத்துவர்கள் நாலு வயதுக்கு முன்னால் நீச்சல் வகுப்பு வேண்டாம் என்றே சொல்லிவந்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000ஆம் ஆண்டில்கூட அப்படித்தான் எழுதியது. சின்ன வயதில் சேர்த்தால் பிள்ளைக்குத் தண்ணீர் பயம் போய்விடும், பெற்றோரும் அசட்டையாகிவிடுவார்கள் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. 2009இல் ஒரு ஆய்வு வந்தது. நீரில் மூழ்கி இறந்த 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் 61 பேரின் குடும்பங்களையும், அதே வயதில் அதே பகுதிகளில் இருந்த வேறு 134 குழந்தைகளின் குடும்பங்களையும் விசாரித்துப் பார்த்தார்கள். இறந்த குழந்தைகளில் இரண்டு பேர்தான் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார்கள். மற்ற குழந்தைகளிலோ 35 பேர் போயிருந்தார்கள். சின்ன ஆய்வுதான், இதை வைத்து வகுப்புக்குப் போனால் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வகுப்பால் ஆபத்து கூடும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை, குறையவே வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்தது. 2010இல் அந்த அகாடமி தன் பழைய கருத்தைத் தளர்த்தியது. 2019இல், ஒரு வயதையொட்டித் தொடங்குவது பல குழந்தைகளுக்கு நல்லது என்று தெளிவாகவே எழுதிவிட்டது.

ஒரு வயதுக்குக் கீழே? அந்த வயதில் வகுப்புக்குப் போவதால் மூழ்கும் ஆபத்து குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிறந்து சில மாதங்கள் வரை தண்ணீரில் விட்டால் குழந்தை மூச்சை அடக்கிக் கைகால் அசைக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பிறவியிலேயே நீச்சல் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அனிச்சைச் செயல், ஆறு மாதத்தை ஒட்டி மங்கிப்போகும். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி மூச்சு விட அந்தக் குழந்தையால் முடியாது. உடல் சூட்டையும் சரியாகக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. தண்ணீரை நிறைய விழுங்கினால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். ஆகவே ஆறேழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெதுவெதுப்பான தண்ணீரில் விளையாடுங்கள், சந்தோஷமாக இருக்கட்டும், அதை நீச்சல் என்று எண்ண வேண்டாம். கழுத்து வளையம் மட்டும் வேண்டவே வேண்டாம். காற்று இறங்கினாலோ குழந்தை அதிலிருந்து நழுவினாலோ நேரே தண்ணீருக்குள்தான். 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே, முக்கியமாக வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தது.

பாட்டியின் சளிப் பேச்சுக்கும் ஒரு வார்த்தை. நனைவதால் மட்டும் சளி வராது, அது கிருமியால் வருவது. ஆனால் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது உண்மை. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்குத் தண்ணீர் 32 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் நிம்மதி. சென்னையிலோ மதுரையிலோ ஏப்ரல், மே மாதங்களில் திறந்தவெளிக் குளமே கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். டிசம்பர் காலையில் வராது. அரை மணி நேரம் போதும். உதடு நீலம் பாய்ந்தாலோ தாடை நடுங்கினாலோ பத்து நிமிடம்தான் ஆகியிருந்தாலும் வெளியே எடுத்துத் துடைத்துவிடுங்கள், கட்டிய பணத்துக்குக் கணக்குப் பார்க்கும் இடம் இதுவல்ல.

சரி, ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை அப்படி என்னதான் கற்றுக்கொடுக்க முடியும்? கையையும் காலையும் மூச்சையும் ஒரே தாளத்தில் சேர்க்க அந்த வயது மூளைக்கு வராது, அதனால் ஃப்ரீஸ்டைல் எல்லாம் பேச்சே இல்லை. முகத்தில் தண்ணீர் பட்டால் பதறாமல் இருப்பது, மல்லாக்க மிதப்பது, திரும்பிச் சுவரைப் பிடிப்பது, சொன்னால்தான் இறங்குவது: இந்த நாலும் வந்தால் அந்த வயதுக்கு நிறைவான பாடம்.

முதலாவதை வீட்டுக் குளியலறையிலேயே தொடங்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும் பழக்கம் உள்ள வீடுகளில் பாதி வேலை முடிந்தே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒன்று, ரெண்டு, மூணு என்று சொல்லிவிட்டுத் தலையில் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நாளடைவில் மூணு என்று கேட்டதும் குழந்தை தானாகவே வாயை மூடிக் கண்ணை இறுக்கிக்கொள்ளும், அதைப் பார்க்கும்போதே உங்களுக்குப் புரியும். பின்னாளில் குளத்தில் தண்ணீருக்குள் போவதற்கான அடையாளச் சொல்லும் இதுவேதான். அப்புறம் குமிழி ஊதுவது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து நீங்கள் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டுங்கள். ஆரம்பத்தில் குழந்தை ஊதாது, உறிஞ்சும், இருமும், சிரிக்கும். விட்டுவிடுங்கள், மறுநாள் மறுபடி. வாயால் ஊத வந்தபின் ம்ம்ம் என்று முனகச் சொன்னால் மூக்கு வழியாகவும் காற்று வெளியே வரும், காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்வரை தண்ணீர் மூக்குக்குள் ஏறாது. நீச்சலில் மூச்சுப் பயிற்சி என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதன் முதல் படி இதுதான்.

மல்லாக்க மிதக்க வைப்பதில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையைச் சட்டென்று படுக்கப் போட்டால் அது எழுந்து உட்காரப் பார்க்கும், தலையைத் தூக்கும், தலை தூக்கியதும் இடுப்பு மடிந்து கீழே போகும், அழுகை ஆரம்பித்துவிடும். அதற்குப் பதில் நீங்கள் தோள்வரை தண்ணீரில் அமிழ்ந்து நின்றுகொண்டு, குழந்தையின் பின்னந்தலை உங்கள் தோளில் சாயும்படி, கன்னத்தோடு கன்னம் ஒட்டும்படி மல்லாக்க வைத்துக்கொள்ளுங்கள். காதுக்குள் தண்ணீர் போகும் நொடியில்தான் குழந்தை திடுக்கிடும், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாக அமுங்கிப்போகிறதல்லவா. அந்த நேரத்தில் காதோரம் அதைத் தூங்கவைக்க நீங்கள் பாடும் பாட்டையே மெல்லப் பாடுங்கள், மேலே பறவையோ மின்விசிறியோ எதையாவது காட்டுங்கள், கண் மேலே போனால் மோவாயும் மேலே போகும், மோவாய் மேலே போனால் வயிறு தானாக எழும்பும். சில வாரங்களில் தோளை விலக்கிப் பின்னந்தலைக்கு ஒரு உள்ளங்கை, இடுப்புக்குக் கீழே ஒரு உள்ளங்கை. இன்னும் கொஞ்ச நாளில் தலைக்குக் கீழே இரண்டு விரல். அந்த இரண்டு விரலையும் எடுப்பதற்கு எந்த அவசரமும் இல்லை.

மூன்றாவது, திரும்பிச் சுவரைப் பிடிப்பது. என்னைக் கேட்டால் இந்த வயதில் இதைவிட உபயோகமான பாடம் வேறில்லை. சின்னக் குழந்தை தண்ணீரில் விழுவது பெரும்பாலும் கரையோரத்தில்தான், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் பிடிமானம் இருக்கும், ஆனால் குழந்தையின் முகம் எதிர்ப்பக்கம் இருக்கும். அதனால் விளிம்பில் உட்கார வைத்து, வா என்று சொல்லி உங்கள் கைக்குள் இறங்கச் செய்து, உடனே அதன் உடம்பைத் திருப்பிச் சுவரைப் பிடி என்று சொல்லிக் கையை எடுத்து விளிம்பில் வையுங்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இது நடக்க வேண்டும், ஒரு முறைகூடத் தவற வேண்டாம். அடுத்து, கையை மாற்றி மாற்றி வைத்துச் சுவரோரமாகவே படிக்கட்டு வரை நகர்வது. மூன்று வயதை நெருங்கும்போது தானே ஏறி வருவது. முழங்கை, முழங்கை, வயிறு, முட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஏறவைத்தால் பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி பிடித்துக்கொள்கிறார்கள்.

நாலாவதைச் சொல்லிக்கொடுப்பதாகவே பலருக்குத் தோன்றாது. நீங்கள் வா என்று சொல்லும்வரை விளிம்பில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் பயம் போன குழந்தை தண்ணீரைக் கண்டால் ஓடும். பழைய மருத்துவர்கள் கவலைப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதற்கு மருந்து இந்தக் காத்திருப்பு. குழந்தை தானாக இறங்கிவிட்டால் சிரித்துக் கைதட்டாதீர்கள், தூக்கி மறுபடி உட்கார வைத்து, வா என்று சொன்ன பிறகு இறங்கவிடுங்கள்.

கைக்கு மாட்டும் காற்றுப் பை, இடுப்பு டியூப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். மாட்டினால் குழந்தை நின்ற வாக்கில் மிதக்கும், காலைச் சைக்கிள் மிதிப்பதுபோல் மிதிக்கும். நீச்சலுக்கு உடம்பு படுத்த வாக்கில் வர வேண்டும், இரண்டும் நேர் எதிர். அதோடு தான் மிதப்பதாக அந்தக் குழந்தை உண்மையாகவே நம்பும், ஒருநாள் பை இல்லாமலே இறங்கிவிடும். கிராமத்தில் முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிப் பழக்குவார்கள், அதில் உடம்பு குப்புறப் படுத்த நிலைக்கு வரும், கை வீசவும் இடம் இருக்கும், அந்த வகையில் அது நல்ல யோசனைதான். ஆனால் அது ஆறேழு வயதுப் பிள்ளைக்கு, பக்கத்திலேயே நீந்தத் தெரிந்த பெரியவர் தண்ணீரில் இருக்கும்போது. இரண்டு வயதுக்கு மிதவையே வேண்டாம், உங்கள் கை போதும். படகில் போனால் மட்டும் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், அது வேறு விஷயம்.

குளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஃபீஸைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஒரு வகுப்பு நடக்கும்போது போய் ஓரமாக நின்று பாருங்கள். அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா? தெரியாத அளவுக்குக் கலங்கலாக இருந்தால் உள்ளே மூழ்கிய குழந்தையும் தெரியாது. குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் சுத்தமாக இருப்பதாக நினைக்க வேண்டாம், வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்துதான் அந்த நெடி வருகிறது, நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் அவ்வளவு வாடை வராது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரைத் தண்ணீரில் இறங்க விடுகிறார்களா என்று கேளுங்கள். வெளியே உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கோச் பத்துக் குழந்தைகளை வைத்துக்கொண்டு சொன்னால் வேறு இடம் பாருங்கள். அழும் குழந்தையைத் தலையோடு முக்கி எடுத்தால் பழகிவிடும் என்ற பேச்சு கேட்டாலும் அப்படியே. பயத்தோடு கற்றுக்கொள்ளும் குழந்தை தண்ணீரில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்கிறது, விறைத்த உடம்பு மிதப்பது கஷ்டம். பெரிய குளங்களின் ஆழமில்லாத பக்கமே மூன்றடிக்கு மேல் இருக்கும், இரண்டு வயதுக் குழந்தைக்கு அது தலைக்கு மேல் தண்ணீர் என்பதை மறக்காதீர்கள். நீச்சல் உடுப்பு ஆரஞ்சு, பளீர் இளஞ்சிவப்பு போன்ற நிறத்தில் இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது, ஸ்விம் டயப்பர் மலத்தைப் பிடித்து வைக்கும், கிருமியைப் பிடிக்காது, சில கிருமிகள் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். காதில் அறுவை சிகிச்சை, வலிப்பு, இதயக் கோளாறு என்று ஏதாவது இருந்தால் சேர்ப்பதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை.

இப்போது வகுப்புக்கு வெளியே உள்ள விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் நீச்சலைப் பற்றி எழுதுவது சரியில்லை. 2021இல் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. நம் ஊரில் அந்தக் குழந்தைகள் நீச்சல் குளத்தில் மூழ்குவது குறைவு. வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டை, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மூடாத சம்ப், மாட்டுத் தொட்டி, குளியலறை வாளி. ஒரு வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம், வாளியை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது, விரற்கடை ஆழத் தண்ணீரே போதும். சத்தமும் வராது. மூழ்கும் குழந்தை கத்தும், கையை ஆட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சுக்கே வழியில்லாதபோது கத்துவது எங்கே. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். குளித்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பது, குளியலறைக் கதவை மேல்தாழ்ப்பாள் போடுவது, சம்ப் மூடிக்குப் பூட்டு, கிணற்றுக்கு வலை. எந்த நீச்சல் வகுப்பும் இவற்றுக்கு ஈடாகாது.

வங்கதேசத்தில் செய்த ஒரு வேலை நம் கிராமங்களுக்கு அப்படியே பொருந்தும். அங்கே வீட்டுக்கு வீடு குட்டை, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகள்தான் அதிகம் மூழ்கினார்கள், அதுவும் அம்மாக்கள் சமையலும் வயல் வேலையுமாக இருக்கும் முற்பகலில். அதனால் ஆஞ்சல் என்ற பெயரில் காலை 9 முதல் மதியம் 1 மணி வரை ஊர்ப் பெண்ணே ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களைத் திறந்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. நீச்சல் கற்றுக்கொடுப்பதை நாலு வயதுக்குப் பிறகுதான் தொடங்கினார்கள், அதுவும் ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, பிள்ளை நிற்கும் ஆழத்துக்கு அடியிலும் மூங்கில் தளம் போட்டு. நம் அங்கன்வாடிகளின் நேரமும் ஊரணிகளும் ஏற்கெனவே இருக்கின்றன, இப்படி ஏன் செய்யக் கூடாது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

குளத்திலும் விதி ஒன்றுதான்: கை எட்டும் தூரம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும், போன் பையில் இருக்க வேண்டும். கல்யாணம், ரிசார்ட், குடும்பச் சுற்றுலா என்று பத்துப் பெரியவர்கள் இருக்கும் இடத்தில்தான் ஆபத்து கூடுதல், ஆளுக்கு ஆள் அவர் பார்க்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். அடுத்த அரை மணி நேரம் நான் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

மீறி ஏதாவது நடந்துவிட்டால், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் உப்பில் புதைப்பதும் கூடவே கூடாது, மூச்சு கொடுக்க வேண்டிய நேரம் அதில் போய்விடும். சமதளத்தில் படுக்க வைத்து, மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் மூச்சும் மார்பு அழுத்தமும், ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108க்குப் போன். குழந்தைக்கு இதைச் செய்யும் முறை பெரியவர்களுக்குச் செய்வதிலிருந்து கொஞ்சம் மாறும், எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, நீச்சல் வகுப்பில் சேர்க்கும் அதே மாதத்தில் நீங்களும் ஒரு முதலுதவிப் பயிற்சிக்குப் போய் பொம்மையில் அழுத்திப் பழகிவிட்டு வாருங்கள். குழந்தை தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டத்தான் வேண்டும்.

நாலு வயதானதும் முறையான வகுப்புக்கு மாற்றலாம். ஒன்றரை வயதில் தொடங்கிய குழந்தையும் நாலு வயதில் தொடங்கிய குழந்தையும் ஃப்ரீஸ்டைலுக்கு வருவது பெரும்பாலும் ஐந்து ஆறு வயதில்தான், முன்னால் தொடங்கியதால் பெரிதாக முந்திவிடுவதில்லை. ஆகவே இரண்டு வயதில் சேர்க்க வசதிப்படவில்லை, பக்கத்தில் சூடான குளம் இல்லை என்றால் மனசு கஷ்டப்பட வேண்டாம். நாலு வயதுக்கு மேல் எதை எதிர்பார்க்கலாம் என்றால்: தலைக்கு மேல் தண்ணீரில் இறங்கி மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது, சுற்றித் திரும்பிக் கரை எங்கே என்று பார்ப்பது, நிற்காமல் 25 மீட்டரை ஒட்டி நீந்துவது, ஏணி இல்லாமல் ஏறி வருவது. இந்த ஐந்தும் சேர்ந்து வந்தால்தான் நீச்சல் தெரியும் என்று சொல்லலாம், அதற்கு ஆறேழு வயதாகிவிடலாம், அதற்குப் பிறகும் கிணறும் ஆறும் கடலும் குளத்திலிருந்து வேறு. அக்டோபரில் மழை தொடங்கி வகுப்பு நின்றுபோய், வெயில் ஏறியதும் மறுபடி போகும்போது பழையதெல்லாம் மறந்ததுபோல் குழந்தை உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். கோச் அவசரப்படுத்தினாலும் முதல் இரண்டு மூன்று வகுப்பைக் குமிழி ஊதுவதிலும் சுவரைப் பிடிப்பதிலுமே விடுங்கள், பழகியது தானாகத் திரும்பும்.